பைபாஸ் தையலில் சீழ்: வேக் சிகிச்சை எடுத்தவங்க இருக்கீங்களா?

அப்பாவுக்குப் போன மாசம் பைபாஸ். ரத்தக்குழாய் எடுத்த கால் தையல் ஆறிடுச்சு. நெஞ்சுத் தையலோட கீழ்முனைதான் ஆறலை. முதல்ல பனியன்ல மஞ்சளா கசிவு, அப்புறம் காய்ச்சல், இருமினா நெஞ்செலும்புல 'டக்'குன்னு சத்தம். சர்க்கரை வேற, கேக்கணுமா! சீழைக் கல்ச்சர் டெஸ்ட் பண்ணதுல ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியா. எலும்பைக் கட்டின கம்பி வரைக்கும் தொற்று போயிருக்காம். திறந்து சுத்தம் பண்ணி வேக் மெஷின் (காயத்துல ஸ்பாஞ்ச் வெச்சு மூடி, கசிவை உறிஞ்சி எடுக்கிறது) போடணும், தேவைப்பட்டா மார்புத் தசையைத் திருப்பி மூடணும்கிறார் டாக்டர். ஊசி மருந்து வாரக்கணக்குல போகுமாம்.

மஞ்சள், வேப்பிலை யோசனை வேண்டாம், ப்ளீஸ். ஸ்பாஞ்ச் மாத்தும்போது வலிக்கு என்ன கொடுத்தாங்க? மெஷினோட வீட்டுக்கு அனுப்பினாங்களா? முதல்வர் காப்பீட்டுல இந்த இரண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் கிடைச்சுதா? மதுரைப் பக்கம் பண்ணிக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க.