அப்பாவோட காலை பிரஷர்

கவிதா, காலை 7:10
அப்பாவுக்கு இப்ப 152/94. போன வாரம் கிளினிக்ல 11 மணிக்கு 126/80தான். மெஷின் கோளாறா அத்தை?

செல்வி அத்தை (நர்ஸ்), 7:16
மெஷினா இருக்கணும்னு இல்ல கவி, ரெண்டுமே சரியா இருக்கலாம். விடியும்போது உடம்புக் கடிகாரம் கார்டிசால்ங்கிற ஹார்மோனை ஏத்தும். எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் அட்ரினலினும் கூடும், ரத்தக்குழாய் இறுகும். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் சுலபமா ஒட்டிக்கிறதும், உறைஞ்ச ரத்தம் கரையாம தடுக்கிற புரதம் கூடுறதும் அதே நேரம்தான். காலை 6க்கும் 12க்கும் நடுவுல மாரடைப்பு அதிகம்னு 1985லயே அமெரிக்க ஆய்வுல வந்துடுச்சு. அதனால காலை அளவை விடக் கூடாது. அண்ணன் காபி குடிச்சாச்சா?

கவிதா, 7:17
இப்பதான் குடிச்சார். பிரஷர் மாத்திரை, டெல்மிசார்ட்டன் 40, எட்டு மணிக்குத்தான்.

செல்வி அத்தை, 7:21
அப்ப இது கணக்குல வராது. காபி குடிச்சா அரை மணி நேரம் விடணும். நாளைக்கு எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, ஒண்ணுக்குப் போயிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னாடி எடு. முதுகைச் சாய்ச்சு, காலைத் தரைல ஊன்றி 5 நிமிஷம் பேசாம உட்காரட்டும். மெஷினோட பட்டை வெறும் கைல, நெஞ்சு உயரத்துல இருக்கணும். கை தொங்கினாலே அளவு கூடிடும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. ராத்திரி படுக்கப் போறப்பவும் இதே மாதிரி. 7 நாள். சராசரி 135/85 தாண்டினா டாக்டர்கிட்ட காட்டணும்.

கவிதா, 7:23
மாத்திரையை ராத்திரிக்கு மாத்திடலாமா?

முருகன் மாமா (மெடிக்கல்), 7:30
நீயா மாத்தாதேம்மா. பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வெச்சுப் பார்த்தாங்க, 2022ல முடிவு வந்துச்சு. காலைல போட்டவங்களுக்கும் ராத்திரி போட்டவங்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்துல வித்தியாசம் இல்ல. மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். நீர் மாத்திரை சேர்ந்திருந்தா காலைலதான் போடணும். இல்லன்னா நடு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்துடுவாங்க. மச்சான் குறட்டை விடுறாரா?

கவிதா, 7:31
பயங்கரமா. நடுவுல மூச்சு நின்னு திணறுறார்.

செல்வி அத்தை, 7:35
இதை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லு. தூக்கத்துல பிரஷர் 10–20 சதவீதம் இறங்கணும். மூச்சடைப்பு இருந்தா பல பேருக்கு இறங்காது, இதயத்துக்கு ராத்திரியும் ஓய்வில்ல. 24 மணி நேர பிரஷர் மானிட்டர் வைக்கலாமான்னு கேளு. தூங்கும்போது சராசரி 120/70க்குக் கீழ இருக்கணும்.

கவிதா, 7:36
சரி அத்தை. நாளைல இருந்து நோட்டுல எழுதுறேன்.

செல்வி அத்தை, 7:37
முதல் நாள் அளவை எழுது, சராசரில சேர்க்காதே. புதுசா அளக்கிற பதட்டத்துல கூடிக் காட்டும்.