ஏபி ஐரோப்பிய வரலாறு: ஆவணக் கட்டுரையில் 3 மதிப்பெண்ணைத் தாண்ட முடியவில்லை

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. செப்டம்பரில் ஏபி ஐரோப்பிய வரலாறு (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) தொடங்கினாள், மே மாதம் தேர்வு. 1450 தொடங்கி இன்றுவரை 9 அலகுகள். 55 கொள்குறி வினாக்களில் அவளுக்குச் சிக்கலே இல்லை. மாட்டிக்கொள்வது ஆவணக் கட்டுரையில்தான்: கொடுக்கும் 7 ஆவணங்களை வைத்து வாதம் எழுத வேண்டும், ஒரு மணி நேரம், 7 மதிப்பெண். நான்கு முறை எழுதிவிட்டாள், நான்கிலும் 3தான்.

போன வாரக் கேள்வி, 1525 ஜெர்மன் விவசாயிகள் கிளர்ச்சி. சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் விவசாயிகளைக் கடுமையாகச் சாடியதை அழகாகச் சுருக்கியிருந்தாள். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில், "சரி, ஏன் அப்படி எழுதினார்? யார் படிப்பதற்கு?" என்று கேட்டிருந்தார். லூதருக்கு இளவரசர்களின் ஆதரவு தேவைப்பட்டது அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னாள். தாளில்தான் வரவில்லை, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பாடநூலை இரண்டு முறை படித்துக் குறிப்பெடுத்தாள். ஆண்டுகளுக்கு அட்டை போட்டோம். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் உள்ள பழைய கேள்விகளையும் மாதிரி விடைகளையும் பார்த்தோம். ஆசிரியரைக் கேட்டால், நிறைய எழுதிப் பழகட்டும் என்கிறார். அப்புறம் ஒரு மாதம் டியூஷனும் வைத்தோம், அங்கே பாடத்தையே திரும்ப நடத்தினார்கள்.

இந்தப் பாடம் எடுத்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்: முதல் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் ஒவ்வொரு ஆவணத்தின் ஓரத்திலும் என்ன குறித்துக்கொண்டார்கள்?