புதுப்பிப்பு: டென்னிஸ் ராக்கெட் ஸ்ட்ரிங்கும் முழங்கை வலியும்

57 பவுண்டு டென்ஷனில் (இழுவிசையில்) விறைப்பான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் கட்டியதிலிருந்து ராக்கெட் பலகை மாதிரி இருக்கிறது, முழங்கை வலிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் அதே ஸ்ட்ரிங்கை 52இல் கட்டிப் பார்த்தேன். பந்து சற்று ஆழமாகப் போனது. வலி மட்டும் போகவில்லை. அப்புறம், பதில் சொன்னவர்களில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் சொன்ன மல்டிஃபிலமென்டை (பல மெல்லிய இழைகளால் ஆன மென்மையான ஸ்ட்ரிங்) 54இல் கட்டினேன். அதுதான் சரிப்பட்டது. பந்து பட்டதும் மணிக்கட்டு வரை ஓடும் அந்த அதிர்வு இப்போது இல்லை. மூன்றாவது வாரத்தில் வலியும் நின்றது.

எதிர்பாராதது ஒன்று: ஸ்ட்ரிங்குகள் இடம் நகர்கின்றன, பாயிண்டுக்குப் பாயிண்ட் விரலால் நேராக்க வேண்டியிருக்கிறது. பந்தின் சுழற்சியும் குறைந்துவிட்டது. கடலோர டர்பனில் 54 போதும். 1,700 மீட்டருக்கு மேல் உள்ள ஜோஹன்னஸ்பர்க்கில், மெல்லிய காற்றில், அதே அடி கோட்டைத் தாண்டிப் பறந்தது. அங்கே ஆட 56 கட்டுகிறேன்.