ஜெயிலில் இருக்கும் தம்பியிடம் பேச வழி சொல்லுங்கள்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அண்ணன், அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். தம்பி ஏழு மாதமாக விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். அவன் போன் பேசும் காசுக்கு நாங்கள்தான் மணியார்டர் அனுப்புகிறோம். அம்மாவின் தோப்புக் கூலியில் அது கட்டுப்படியாகவில்லை. போன் வந்தால் அம்மா "சாப்பிட்டியாடா" என்று மூன்று தடவை கேட்கும், அப்புறம் அழும். வக்கீல் சொன்னதை நான் சொல்லத் தொடங்குவதற்குள் லைன் கட். நேரில் போனால் இரண்டு பஸ், அன்றைய கூலியும் போச்சு.

இ-முலாகாத் என்று ஜெயிலில் இருப்பவரை ஆன்லைனில் சந்திக்கும் வசதி இருக்கிறதாம். அதில் வீடியோவில் பார்க்கலாம், கட்டணம் இல்லை என்கிறார்கள். எங்களிடம் பட்டன் போன்தான். பழைய டச் போன் யாரிடமாவது இருந்தால் இரண்டு தவணையில் காசு தந்துவிடுவேன். பதிவு செய்து பழகியவர்கள் ஒருமுறை என்னுடன் உட்கார்ந்து காட்டித் தந்தால் போதும்.

இன்னொன்று. காவலில் இருப்பவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கான 15100 உதவி எண்ணுக்குக் கூப்பிடப் போகிறேன். மனுவை மலையாளத்தில் எழுத ஆள் வேண்டும். எனக்குப் பேச வரும், எழுத வராது.

என்ன கேஸ் என்று மட்டும் இங்கே கேட்காதீர்கள்.