சூப்பர்மேன் உடை: சிவப்பு ஜட்டியோடு தைக்கவா, இல்லாமலா?

நீலத்துணி:
என் தம்பிக்கு சூப்பர்மேன் உடை தைத்துக்கொண்டிருக்கிறேன். காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் நிகழ்ச்சிக்கு வேடம் போட்டுப் போகிறான். ஆறடி உயரம், ஒல்லி. மார்பு 36 இன்ச், இடுப்பு 29. நீல லைக்ராவை வெட்டி, கை, கால், தோள் எல்லாம் ஓவர்லாக் அடித்து முடித்துவிட்டேன். இடுப்புக்கு வந்ததும் கை ஓடவில்லை.

அவனுக்கு 2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்து உடைதான் வேண்டும். கருநீலம், உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாக மேடு தட்டிய துணி, ஜட்டியும் கிடையாது, மஞ்சள் பெல்ட்டும் கிடையாது. எனக்கோ காமிக்ஸில் பார்த்தது. பளிச்சென்ற நீலம், சிவப்பு ஜட்டி, மஞ்சள் பெல்ட், கேப்பின் முதுகில் மஞ்சளாக ஒரு எஸ். எல்லாரையும் காப்பாற்றிவிட்டுப் பறந்து போகும்போது நமக்குத் தெரிவது அந்த முதுகுதான். சின்ன வயதில் அந்தக் கட்டத்திலேயே வெகுநேரம் நின்றுவிடுவேன், பக்கத்தைத் திருப்ப மனம் வராது.

"ஜட்டியை வெளியே போட்டிருக்கான் பார்" என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்று தம்பிக்குப் பயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, போட்டுக்கொண்டு நிற்கப் போவது அவன்தான். ஆனால் ஜட்டி இல்லாமல் வரைந்து பார்த்தால் கழுத்திலிருந்து பூட்ஸ் வரைக்கும் ஒரே நீலமாக இருக்கிறது. இந்த உடையைத் தைத்தவர்கள், போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மேட்டுநெசவு:
தம்பி கேட்பதையே தைத்துக் கொடுங்கள். நான் 2013 உடையை இரண்டு முறை போட்டிருக்கிறேன். வெறும் லைக்ராவில் ஃபிளாஷ் பட்டால் மினுங்கும், உள்ளே போட்டிருக்கும் பனியன் விளிம்புகூடத் தெரியும். மேடு பதித்த துணியில் வெளிச்சம் சிதறுவதால் அந்தத் தொல்லை இல்லை, உடம்பும் கொஞ்சம் கட்டாகத் தெரியும். நெஞ்சில் வரும் எஸ்ஸை மட்டும் மெல்லிய ஃபோமில் வெட்டி ஒட்டுங்கள். அதைத் துணியில் தைத்தால் உட்காரும்போதெல்லாம் மடிந்துகொள்ளும்.

பழையஇதழ்:
அக்கா, படத்துக்கு முன்பே காமிக்ஸில் ஜட்டி போய்விட்டது. 2011-இல் சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் தன் இதழ்களை மறுபடி 1 என்று எண் போட்டுத் தொடங்கியபோது, ஓவியர் ஜிம் லீ வரைந்த புது உடையில் ஜட்டியை எடுத்துவிட்டுக் கழுத்துக்கு ஒரு காலர் வைத்தார்கள். படம் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அப்புறம் 2018-இல், ஆக்‌ஷன் காமிக்ஸின் 1000-ஆவது இதழில் ஜட்டி திரும்பி வந்தது. 2025-இல் வந்த படத்திலும் இருக்கிறது. அதனால் காமிக்ஸ் என்றால் ஜட்டி, படம் என்றால் ஜட்டி இல்லை என்று பிரித்துவிட முடியாது.

1930-களில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை உருவாக்கிய காலத்தில் சர்க்கஸ் பலசாலிகள் இறுக்கமான உடைக்கு மேலே ஜட்டி போட்டுக்கொண்டுதான் மேடையேறுவார்கள். அன்றைய வாசகனுக்கு அதைப் பார்த்ததுமே இவன் பலசாலி என்று புரிந்திருக்கும். 2025 படத்தில் ஜட்டி வேண்டுமா என்று இயக்குநர் ஜேம்ஸ் கன்னுக்கே தயக்கம் இருந்ததாம். வேறு கிரகத்திலிருந்து வந்தவன், கண்ணிலிருந்து நெருப்பு விடுகிறவன், அவனைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படக் கூடாது என்றால் இப்படித்தானே உடுத்துவான் என்று நடிகர் டேவிட் கொரன்ஸ்வெட் சொல்லித்தான் மனம் மாறியதாக கன்னே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். எனக்கு அந்த ஜட்டியின் மேல் பெரிய மரியாதை வந்தது அதைக் கேட்ட பிறகுதான்.

இன்னொன்று. திரைக்குத் தைத்த உடை எல்லாமே கேமராவுக்காகத் தைத்தது. 1950-களில் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த தொலைக்காட்சித் தொடர் கறுப்பு வெள்ளையில் இருந்த வரைக்கும் அவர் போட்டது பழுப்பும் சாம்பலும் கலந்த உடை. சிவப்பும் நீலமும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் அப்படி. 1978 படத்தில் பறக்கும் காட்சிகளை, பின்னால் வேறு காட்சியைச் சேர்ப்பதற்காக நீலத் திரைக்கு முன்னால் எடுத்தபோது, உடையும் திரையோடு கலந்து மறைந்துவிடாமல் இருக்கப் பச்சை கலந்த நீலத்தில் வேறொரு உடை தைத்தார்கள். 2013 படத்தின் பல காட்சிகளில் கேப் கம்ப்யூட்டரில் வரைந்தது. அந்த வீச்சைத் துணியில் கொண்டுவர எவ்வளவு மெனக்கெட்டாலும் வராது. உங்கள் தம்பி நாள் முழுக்க நடமாடப் போவது மனிதர்களுக்கு நடுவில். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அந்தப் பொடி மேடு தெரியாது, நிறம்தான் தெரியும்.

ஒல்லியாக இருக்கிறானே என்று பஞ்சு வைத்துத் தைத்துவிடாதீர்கள். 1978 படத்தில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவும் தேர்வானபோது ஒல்லிதான். பொய்த்தசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டேவிட் ப்ரௌஸிடம் உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றினார். 'ஸ்டார் வார்ஸ்' படத்து வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் இருந்தவர்தான் ப்ரௌஸ்.

ஊசிமுனை:
நான் தையல்காரி, அந்தக் கண்ணோடு சொல்கிறேன். ஒரே நீலமாக இருக்கிறது என்று உங்களுக்குப் பட்டதே, அது சரி. உயரமான ஒல்லி உடம்பில் நடுவில் ஒரு நிறம் குறுக்கே வராவிட்டால் ஆள் இன்னும் நீண்டு தெரிவார். 2013 உடையில் விலாவிலும் இடுப்பிலும் வளைந்து ஓடும் கோடுகளும் இடுப்பு நடுவில் பக்கிள் மாதிரி ஒரு வில்லையும் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். ஜட்டியும் பெல்ட்டும் செய்துவந்த வேலையைச் செய்யத்தான் அவை. ஜட்டியை எடுத்தால் அவற்றையும் தைத்தாக வேண்டும். அந்த வளைவுகளைப் பிசிறில்லாமல் கொண்டுவருவது பெரிய வேலை.

ஜட்டியையே வைப்பதாக இருந்தால் உடையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். தனியாகத் தைத்து மேலே போடட்டும். லைக்ரா மேல் லைக்ரா நடக்க நடக்க மேலே ஏறும், அதனால் இரண்டு பக்க இடுப்பிலும் உள்பக்கமாக ஒவ்வொரு பிரஸ் பட்டன். கால் சுற்றளவுக்கு எலாஸ்டிக்கை இழுத்துத் தைத்தால் தொடையில் பள்ளம் விழும், அளவுக்கு ஒரு இன்ச் குறைத்தால் போதும். ஜிப் முதுகில் வரட்டும், கேப் மூடிவிடும். இப்படிச் செய்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.

நீலத்துணி:
எல்லாருக்கும் நன்றி. ஊசிமுனை அக்கா சொன்னபடி ஜட்டியைத் தனியாகத் தைத்து, நேற்று ராத்திரி தம்பிக்குப் போட்டுப் பார்த்தோம். முதலில் இல்லாமல், அப்புறம் போட்டு. கண்ணாடி முன்னால் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. கையை இடுப்பில் வைத்தான். பெல்ட் இருந்தால்தான் கையை வைக்க ஓர் இடம் கிடைக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. குழந்தைகள் பயப்படக் கூடாது என்பதற்காகப் போடுவது என்று சொன்னேன். "அப்படின்னா சரி" என்றான்.

மேட்டுநெசவு சொன்னபடி எஸ்ஸை ஃபோமில் வெட்டிவிட்டேன். நீலத்தை மாற்றவில்லை, பளிச்சென்றே இருக்கட்டும். கேப்பின் எஸ்ஸுக்கு மஞ்சள் துணியை இன்று வெட்டுகிறேன். அது தோளுக்கு எத்தனை இன்ச் கீழே வந்தால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.