சிங்கே ஊர்வலம் சீனர்களின் விழாவாகவே இருந்திருக்க வேண்டுமா?

தேக்கா வாசி:
நேராகவே சொல்கிறேன். சிங்கப்பூரில் 1972இல் பட்டாசுக்கு முழுத் தடை வந்தது. சீனப் புத்தாண்டில் களை போய்விடக் கூடாது என்று அடுத்த வருடமே அரசாங்கத்தின் மக்கள் கழகமும் தற்காப்புக் கலைச் சம்மேளனமும் சேர்ந்து சிங்கே ஊர்வலத்தைத் தொடங்கின. ஜாலான் புசாரிலிருந்து ஊட்ரம் வரை சிங்க ஆட்டம், டிராகன் ஆட்டம், வூஷு தற்காப்புக் கலை என்று எல்லாம் தெருவிலேயே நடந்தன. இன்று அதை எஃப்1 கார்ப் பந்தயக் கட்டடத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிறோம். விளக்குதான் பெரிதாகத் தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை. ஒரு சமூகத்தின் புத்தாண்டுக் கலையை எல்லாருக்கும் பொதுவாக்கப் போய் அதை நீர்த்துப்போகச் செய்துவிட்டோம். நம் பொங்கலை இப்படிச் செய்தால் ஒப்புக்கொள்வோமா?

உறுமி:
அண்ணே, நான் சிங்கேயில் இந்தியக் குழுவோடு ஆடியவள். மலாய், இந்தியக் குழுக்கள் 1970களின் பிற்பகுதியிலேயே உள்ளே வந்துவிட்டன. அதாவது ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போன 1985க்கும் முன்னால். தனிச் சீன ஊர்வலமாக இருந்தது சில வருடங்கள் மட்டும். அதை ஏன் அசல் என்கிறீர்கள், பிறகு வந்த நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலான காலத்தை ஏன் கலப்படம் என்கிறீர்கள்? ஒத்திகையில் எங்களுக்கு முன்னால் சிங்க ஆட்டக் குழு, பின்னால் கொம்பாங் பறை தட்டும் மலாய்ப் பிள்ளைகள். சிங்கத்தின் தலையைப் பிடிப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறார், வாலில் இருப்பவர் அவரை எப்படித் தூக்குகிறார் என்று கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். சீனக் கலை மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்படித்தான்.

ஜொகூர்க்காரன்:
அசல் எது என்று பார்க்க ஆசையிருந்தால் பாலத்தைத் தாண்டி வாருங்கள். ஜொகூர் பாரு பழைய சீனக் கோயிலின் சிங்கேயில் சீன முதல் மாதம் 20ஆம் நாள் சாமி புறப்படும், 21ஆம் நாள் இரவு நகர்வலம், 22ஆம் நாள் கோயில் திரும்பும். தியோச்சூ, ஹொக்கியன், காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஐந்து சீனச் சமூகம், ஆளுக்கொரு தெய்வம். பல்லக்கைச் சும்மா சுமந்து போக மாட்டார்கள், உலுக்கிக்கொண்டே போவார்கள். “ஹெங் ஆ! ஹுவாட் ஆ!” என்று அதிர்ஷ்டமும் செழிப்பும் வேண்டிக் கூட்டம் கத்தும்போது தெருவே அதிரும். ராஜமாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான், நம் ஆட்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். டிக்கெட் கிடையாது, அறிவிப்பாளர் கிடையாது. மலேசியா 2012இல் இதைத் தேசிய மரபாக அறிவித்தது. சாமி இருப்பதால்தான் அந்தக் கலை உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சிங்கப்பூர் சிங்கேயில் சாமியை எடுத்துவிட்டார்கள், மிச்சம் அலங்கார வண்டிதான்.

தேக்கா வாசி:
அதேதான் என் பேச்சும். யாருக்காக ஆடுகிறோம் என்பது போய்விட்டால் ஆட்டம் வெறும் உடற்பயிற்சி.

தெலுக் ஆயர்:
இருவரும் வரலாற்றைப் பாதியில் தொடங்குகிறீர்கள். சிங்கப்பூரிலும் சாமியோடு சிங்கே இருந்தது. 1840இல் கடல் தெய்வமான மாசு அம்மன் சிலை சீனாவிலிருந்து வந்து இறங்கியபோது தியான் ஹோக் கெங் கோயிலுக்குப் பெரிய ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பிறகு ஹொக்கியன் சமூகத்தின் சிங்கே ஊர்வலங்கள் பிரபலமாயின. அவற்றை நிறுத்தியது அரசாங்கமா? இந்தியக் குழுவா? இல்லை. 1906 வாக்கில் ஹொக்கியன் தலைவர்களே ‘இது வீண் செலவு’ என்று முடிவெடுத்து நிறுத்தினார்கள். 1973இல் தொடங்கியது மதம் சாராத புது ஊர்வலம். இல்லாத சாமியை யாரும் அதிலிருந்து எடுக்கவில்லை.

ஜொகூர் அண்ணே, உங்கள் ஊரையே இன்னொரு முறை பாருங்கள். சீனப் பாரம்பரியம் என்று உலகமெங்கும் மேடையேறும் இருபத்து நான்கு பருவ முரசு ஜொகூர் பாருவில் ஃபூன் இயூ பள்ளியில் 1988இல் உருவானது. அதில் சாமி இல்லை, பள்ளிப் பிள்ளைகள்தான். அதற்கு உயிர் இல்லையா?

ஜொகூர்க்காரன்:
உயிர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க அடிக்கிறார்கள், ஒரு முரசுக்கு ஒரு பருவம் என்று பெயர் தெரிந்து அடிக்கிறார்கள். ஊர்வலத்துக்காக மூன்று மாதம் சேர்ந்து பிரிகிற கூட்டம் இல்லை.

பினாங்குப் பையன்:
எங்கள் சிங்கே வேறு மாதிரி. இருபது அடிக்கு மேல் உயரமான மூங்கிலில் பெரிய கொடி, அதைக் கையில் பிடிக்காமல் நெற்றியில், பல்லில், தோளில் நிறுத்த வேண்டும். மலாய்க்காரரும் தமிழரும் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். காற்று அடித்தால் மூங்கில் இனம் பார்க்காது, தெரிந்தவன் நிறுத்துவான். உறுமி அக்கா சொல்வதுதான் சரி, ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பது போதாது. மற்ற இனத்தார் அந்தக் கலையையே கற்க வேண்டும்.

தேக்கா வாசி:
சரி, வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். சிங்கே தொடங்கிய அதே 1973இல்தான் தைப்பூச ஊர்வலத்தில் மேளதாளத்துக்குத் தடை வந்தது. குழுக்களுக்குள் அடிதடி என்பது காரணம். சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி 2016இல்தான் வந்தது. நம் உறுமி சிங்கேயில் முழங்கலாம், முருகனுக்கு முன்னால் முழங்க இத்தனை கட்டுப்பாடு. அதனால்தான் ‘எல்லார் கலையும் ஒரே மேடையில்’ என்ற பேச்சு எனக்கு இனிக்கவில்லை.

உறுமி:
அந்த வலி எனக்கும் உண்டு அண்ணே. ஆனால் அது மத ஊர்வலங்களுக்கான விதி. சாலையில் மத ஊர்வலமே பொதுவாகத் தடை, தைப்பூசமும் தீமிதியும் பங்குனி உத்திரமும் விலக்குப் பெற்றவை. அந்தக் கோபத்தைச் சிங்கேயில் ஆடும் பிள்ளைகள் மேல் காட்டுவதில் நியாயமில்லை.

தெலுக் ஆயர்:
சீனக் கலை உண்மையில் எங்கே அடி வாங்கியது தெரியுமா? மொழியில். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் வந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ் நிகழ்ச்சிகள் படிப்படியாகப் போயின. சீன ஏழாம் மாதத்தில் கோயில் வாசலில் நடக்கும் வாயாங் என்ற சீனக் கூத்து இந்த மொழிகளில்தான் பாடப்படுகிறது. பேரப்பிள்ளைக்குப் பாட்டு புரியாதபோது அவன் ஏன் நாற்காலி போட்டு உட்காரப் போகிறான்? கூட்டம் பாப் பாட்டு மேடைப் பக்கம் போய்விட்டது. சிங்கேயில் பரதம் ஆடியதால் ஒரு வாயாங் குழுவும் மூடவில்லை.

தேக்கா வாசி:
இதை ஏற்கிறேன். அப்படியானால் சிங்கேயில் தியோச்சூ வாயாங்குக்கு ஒரு முழு வண்டி கொடுக்கட்டும். தியோச்சூவிலேயே பாடட்டும், பதிவு செய்த இசை வேண்டாம், வாத்தியக்காரர்கள் வண்டியிலேயே உட்காரட்டும். திரையில் நான்கு மொழியிலும் வரிகள் ஓடட்டும். அதைச் செய்தால் நானே டிக்கெட் வாங்குகிறேன்.

ஜொகூர்க்காரன்:
நகரும் வண்டியில் இரண்டு நிமிடத்துக்கு என்ன வாயாங் நடத்துவது? ஒருவர் நீளமான சட்டைக்கையை வீசி முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். கோயில் வாசலுக்கு ஆளை வரவழையுங்கள், அதுதான் வழி.

உறுமி:
வண்டியை நிறுத்தலாமே. பந்தயக் கட்டடத்தின் முன்னால் நாங்கள் நின்றுதான் ஆடினோம். பத்து நிமிடம் போதும், ஒரு சிறு காட்சி முழுதாக வரும். அடுத்த ஏழாம் மாதத்தில் அந்தக் குழு எந்தக் கோயிலில் பாடுகிறது என்று திரையில் போட்டுவிடலாம்.