அடுக்கி வைத்த குதிரைமசால்: வெளுத்த கட்டும் பழுப்பேறிய கட்டும்

கேள்வி:
கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இரண்டு கத்தியவார் குதிரைகள் வளர்க்கிறேன். சித்திரையில் அறுத்துக் காயவைத்த குதிரைமசாலை (லூசர்ன் எனும் தீவனப் பயிரை) கட்டுகளாக்கித் தகரக் கொட்டகையில் அடுக்கினேன். ஏழு மாதம் கழிந்த நிலையில் வெயில் படும் ஓரத்துக் கட்டுகள் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிட்டன. மழைக்குப் பயந்து அவசரமாகக் கட்டிய சில கட்டுகளோ உள்ளே பழுப்பேறி, புகையிலை வாசம் வீசுகின்றன. குதிரைகள் அவற்றைத்தான் விரும்பித் தின்கின்றன. எதைக் கழிக்க வேண்டும்?

மறுமொழி 1:
வெளுப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு கட்டைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு விரல் ஆழத்தில் பச்சை தெரியும். வெளுத்த பகுதியில் அழிவது பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டீன்தான், அது நிழலில் வைத்தாலும் மாதந்தோறும் குறைந்துகொண்டேதான் போகும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரிதாகக் குறையாது. தினம் சிறிது பசும்புல் மேயும் குதிரைக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. பழுப்புக் கட்டின் கதை வேறு: ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது கட்டினால் உள்ளே சூடேறி, சர்க்கரையும் புரதமும் பிணைந்துகொள்கின்றன. அதனால் வாசம் இனிக்கும், குதிரையும் மயங்கும். ஆனால் அந்தப் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமலே சாணத்தோடு போய்விடும்.

மறுமொழி 2 (கால்நடை மருத்துவர்):
நான் சத்தைவிடப் பூஞ்சைக்கே அஞ்சுவேன். கட்டை உதறும்போது வெண்புழுதி பறந்தாலோ மக்கிய வாடை அடித்தாலோ அதைக் குதிரைக்குப் போடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதன் நுரையீரலும் பூஞ்சைத் தூளைத் தாங்காது. தண்ணீரில் நனைத்துக் கொடுப்பது நல்ல தீவனத்தின் புழுதியை அடக்கும் வழியே தவிர, பூசணம் பிடித்ததைத் திருத்தும் வழியன்று.

மறுமொழி 3:
அடுத்த முறை கட்டுவதற்கு முன், காய்ந்த கண்ணாடிப் புட்டியில் நறுக்கிய குதிரைமசாலையும் ஒரு பிடி தூள் உப்பையும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டிதட்டினால் இன்னும் காய வேண்டும். அதற்காக மொறுமொறுவென்று காயவிட்டுவிடவும் கூடாது, புரதத்தில் பெரும்பங்கு இலையில்தான் இருக்கிறது, அது உதிர்ந்து களத்திலேயே தங்கிவிடும். பனி இறங்கிய காலை வேளையில் புரட்டினால் உதிர்வு குறையும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பழுப்புக் கட்டுகளில் பூசணம் இல்லாதவற்றை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். பழுப்பேறாத கட்டுகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கியிருக்கிறேன்.